ஒன்றேகால் விநாடி

பெருமைக்காகச் சொல்லவில்லை என்று ஆரம்பிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இருபது பேர் என் உடம்பைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு என்ன வெட்கம்?

என் பெயர் செல்லக்கனி. போலீஸ் ஆயுதப்படையில் எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு உதவி ஆய்வாளர். திருநெல்வேலிக்குத் தெற்கே வெள்ளைப்பொத்தை என்று ஒரு பாறைக்குன்று இருக்கிறது. அதன் அடிவாரத்தில் எங்கள் துப்பாக்கிச் சுடும் தளம். குன்றுக்கு முன்னால் மண்மேடு, மேட்டுக்கு முன்னால் இலக்குப் பலகைகள், அதற்கு இந்தப் பக்கம் நூறு மீட்டர் தள்ளி நாங்கள். பத்தொன்பது வருஷமாக அங்கேதான் எனக்கு வேலை. நூறு மீட்டரில் ஐந்து குண்டையும் ஒரு உளுந்த வடையின் ஓட்டைக்குள் போடுவேன். சந்தேகம் இருந்தால் வந்து பார்க்கலாம், பழைய பலகைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

போன வருஷம் தை மாசம் தீர்த்தகிரி வந்தான். கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றின் பொறியாளன், முப்பத்தைந்து வயசு இருக்கும், தொப்பி போடாமல் வெயிலில் நின்று முதல் நாளே மூக்கை உரித்துக்கொண்டான். அவன் கொண்டுவந்த பெட்டியில் ஒரு கவச உடை இருந்தது. குண்டு துளைக்காத தகடு வைத்த ஜாக்கெட், முழங்கை முழங்கால் காப்பு, கழுத்தைச் சுற்றிக் காலர், காலரோடு இணைந்த ஹெல்மெட், விரல் நுனிவரை மூடும் கையுறை. எல்லாம் சேர்த்து ஒன்பது கிலோ. எங்கள் ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் நின்றால் பூட்ஸுக்குள் சளக் சளக் என்று சத்தம் கேட்கும்.

"இது என்ன தம்பி, இதுக்குப் பேரு சட்டையா, சிறையா?" என்று கேட்டேன்.

"துணிக்குள்ள இழை ஓடுதுங்கம்மா," என்றான். "நீங்க சுடும்போது உங்க தோளு எப்ப எறங்குது, மூச்சு எப்ப நிக்குது, வெரலு எவ்வளவு அழுத்துது, எல்லாத்தையும் அந்த இழை வாங்கி வெச்சுக்குமுங்க. அப்பறம் வேற ஒருத்தரு இதைப் போட்டா, அதே அழுத்தத்தை அவங்க ஒடம்புல திருப்பிக் குடுக்கும். அவங்க கையைப் புடிச்சு நீங்களே சுட்ட மாதிரிங்க."

"அப்போ நான் எதுக்கு இனிமே?"

"நீங்கதானுங்களே எல்லாரும்," என்றான். பயல் பேசத் தெரிந்தவன். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன்.

பதினோரு நாள் என்னைப் பதிவு செய்தார்கள். நின்று, மண்டியிட்டு, படுத்து, ஓடிவந்து நின்று என்று இரண்டாயிரத்துக்கு மேல் குண்டு சுட்டேன். பிறகு இருபது சட்டை வந்தது. எங்கள் அதிரடிப் பிரிவில் இருபது பேர், அவர்களில் நால்வர் பெண்கள். எல்லோருக்கும் மாட்டிவிட்டு வரிசையில் நிறுத்தினோம். கமாண்டன்ட் ஐயா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ரெடி" என்று நான் சொன்னதும் இருபது பேரும் இடது தோளை ஒருதரம் வெட்டித் தூக்கினார்கள். பெரிய மீசை வைத்தவன், ஆறடி ஆள், எல்லோரும். ஐயா திகைத்துப்போனார். தீர்த்தகிரி என் பக்கம் குனிந்தான்.

"ஏனுங்கம்மா, இதை நான் அப்பவே கேக்கணும்னு இருந்தனுங்க. சுடறதுக்கு மின்னாடி அந்தத் தோளை எதுக்குத் தூக்கறீங்க? மூச்சு புடிக்கறதுக்குங்களா?"

"இல்ல தம்பி. பாடி பட்டை நழுவுது."

அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்கணும். வரிசையின் கடைசியில் நின்ற இசக்கிராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். இசக்கி என் பேட்ச். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே நாளில் எஸ்.எஸ்.ஐ. ஆனோம். என்னைக் கிண்டல் செய்வதற்காகவே அரசாங்கம் அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறது என்று நினைப்பு அவனுக்கு.

ஆனால் சுட்டு முடித்துப் பலகைகளைக் கொண்டுவந்தபோது யாரும் சிரிக்கவில்லை. இருபது பலகை, எல்லாவற்றிலும் நடுவில் ஒரே ஓட்டை. முப்பிடாதி என்று ஒரு பெண் கான்ஸ்டபிள் இருந்தாள். ஓட்டத்தில், சுவர் ஏறுவதில் எல்லாம் அவள்தான் முதல். துப்பாக்கியைத் தொட்டால் மட்டும் கை உதறும். சுடும் தேர்வில் மூன்று தடவை தோற்றிருந்தாள். இன்னொரு தடவை தோற்றால் அதிரடிப் பிரிவிலிருந்து கழற்றி ஆபீஸில் தபால் பிரிக்க அனுப்பிவிடுவார்கள். அவள் தன் பலகையைக் கையில் வாங்கி ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள்.

"அம்மா, எனக்குச் சுட வந்துட்டும்மா," என்றாள். கண்ணில் தண்ணீர்.

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். சட்டைக்குக் 'கனிச்சட்டை' என்றே பெயர் வந்துவிட்டது. "என் கனிச்சட்டையை எவம்ல எடுத்தது?" என்று பையன்கள் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டே டீ குடிப்பேன்.

அந்தச் சட்டைக்குள் தோள் தூக்கல் மட்டும் போகவில்லை. இன்னொன்றும் போயிருந்தது.

மூன்றாவது குண்டு சுட்டதும் நான் நிறுத்துவேன். விசையிலிருந்து விரலை எடுத்து வெளியே நீட்டிவிட்டு, தலையை நிமிர்த்தி, மண்மேட்டின் இடது ஓரத்தைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு மீதி இரண்டைச் சுடுவேன். பதினோரு வருஷமாக இப்படித்தான். அகில இந்தியப் போட்டியில் வேகச் சுடுதலில் ஒரு விநாடியில் எனக்கு வெண்கலம் போனது இதனால்தான். இசக்கி இதற்குப் பெயரே வைத்திருந்தான். "மூணு சுட்டா ஒரு கும்பிடு. கனி சாமி கும்பிடுதா, எல்லாரும் செருப்பைக் கழட்டுங்கல" என்பான்.

நான் சாமி கும்பிடவில்லை. அந்த இடது ஓரத்தில் குன்றிலிருந்து ஒரு ஒற்றையடிப் பாதை இறங்குகிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் நான் அந்தப் பக்கத்துப் பலகையில் சுட்டுக்கொண்டிருந்தேன். சிவப்புக் கொடி ஏற்றியிருந்தது, விசில் ஊதியிருந்தது, எல்லாம் முறைப்படி. மூன்றாவது குண்டு போயிற்று. நாலாவதுக்கு விசையை அழுத்தும்போது பலகைக்குப் பின்னால் மேட்டோரமாகக் கறுப்பாக ஒன்று எழும்பியது. அழுத்திய விரலை எப்படி நிறுத்துவது? ஆடு விழுந்தது. ஆட்டுக்குப் பின்னால், அதன் முதுகில் வைத்திருந்த கை அந்தரத்தில் அப்படியே நிற்க, பலவேசம் நின்றான். பக்கத்து ஊரில் ஆடு மேய்க்கிறவன். வேட்டி முழுக்க ரத்தம். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன், அவன்மேல் ஒரு கீறல் இல்லை.

"ஒரு சாண் தள்ளிச் சுட்டிருந்தியன்னா என்னையத்தான் தூக்கிட்டுப் போயிருப்பீய," என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் என்னைக் கொன்றது.

அன்றையிலிருந்து பார்க்கிறேன். பார்க்கிற ஆயிரம் தடவையில் ஆயிரம் தடவையும் அங்கே யாரும் இருப்பதில்லை. இருந்தாலும் பார்க்கிறேன்.

இப்போது இருபது பேரும் பார்த்தார்கள். மூன்றாவது குண்டு முடிந்ததும் காலரும் ஹெல்மெட்டும் சேர்ந்து தலையை இடதுபக்கம் திருப்பும், கையுறை விரலை நிமிர்த்தும். இருபது தலையும் ஒன்றுபோலத் திரும்பும். ஐந்து மாசம் தினமும் இப்படி. எனக்கு அதைப் பார்க்கிறபோது நெஞ்சு நிறைந்துபோகும்.

ஆனி மாசம் தீர்த்தகிரி ஒரு பட்டியலோடு வந்தான். தேவையில்லாத அசைவுகள் என்று தலைப்பு. தோள் தூக்கல், உதட்டைக் கடித்தல், வலது முழங்காலை ஆட்டுதல் என்று என் மானத்தை வரிசையாக எழுதி வைத்திருந்தார்கள். "வெட்டிக்கோ, வெட்டிக்கோ" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஏழாவதாக இருந்தது: தலை இடப்புறம் திரும்புதல், ஒன்றேகால் விநாடி.

"இது கிடையாது," என்றேன்.

"அஞ்சு குண்டு அஞ்சு செகண்டுல போகோணும்னு சென்னையில கேக்கறாங்கம்மா. இது இருந்தா ஆறேகால் ஆகுது. ஏற்கனவே வெட்டியாச்சுங்க. நீங்க ஒருதரம் போட்டுப் பாருங்க, உங்களுக்கே புடிக்கும்."

சரி, பார்ப்போம் என்று போட்டேன். இருபது பேரும் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. என் தலை திரும்பப் போனது. காலர் விடவில்லை. விரலை எடுக்கப் போனேன். அதற்குள் நாலாவது குண்டு போய்விட்டது, ஐந்தாவதும் போய்விட்டது. யார் சுட்டது? நான்தான். என் விரல், என் அழுத்தம், என் மூச்சு. என் கையே என்னைக் கேட்காமல் சுட்டுவிட்டது.

பாதையில் யாரும் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுவரோரம் போய் வாந்தி எடுத்தேன். முப்பிடாதி ஓடிவந்து தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

"நான் பாக்கலட்டி. பாக்காமயே சுட்டுட்டேன்," என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. இசக்கி நான் எறிந்த ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்து வைத்தான்.

நேரே கமாண்டன்ட் ஐயாவின் அறைக்குப் போனேன். நல்ல மனுஷர், என்னிடம் சத்தம் போட்டதில்லை.

"செல்லக்கனி, வேலி போட்டாச்சு. ஊர்ல தண்டோரா போட்டாச்சு. கொடி ஏத்துறோம், விசில் ஊதுறோம். இன்னும் எதுக்கு அந்தப் பார்வை?"

"அன்னைக்கும் கொடி ஏத்தித்தான் இருந்துது ஐயா."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். பிறகு ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "அடுத்த வாரம் சென்னையிலேர்ந்து ஐ.ஜி. அம்மா வர்றாங்க. அவங்க பாத்துச் சரின்னா, இந்தச் சட்டை எல்லா மாவட்டத்துக்கும் போகும். இந்தத் திருத்தின பதிவு உன்னோடதுதான்னு நீ கையெழுத்துப் போடணும். போடலைன்னா வேற மாநிலத்து ஆள் ஒருத்தனைப் பதிவு பண்ணுவாங்க. அதுக்கு ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் சட்டை எல்லாம் திரும்பப் போயிடும். உன் பிள்ளைங்க பழையபடி வெறுங்கையோட தேர்வுக்கு நிக்கணும். யோசிச்சுக்கோ."

முப்பிடாதிக்கு அடுத்த மாசம் தேர்வு. ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாளே, அந்த முகம் கண்முன் வந்து நின்றது. கையெழுத்துப் போட்டேன். பெருமைக்காகச் சொல்கிறேன் என்றேன் அல்லவா, இது அதில் சேராது. போட்டுவிட்டு வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் முப்பிடாதி நின்றாள்.

"போட்டுட்டியளாம்மா?"

"போட்டேன். எனக்காக ஒண்ணும் கிறுக்குத்தனம் பண்ணிராதீய. அஞ்சு குண்டு, அஞ்சு விநாடி. சட்டை சொல்லுதபடி சுட்டுட்டுப் போங்க. தேர்வு முக்கியம்."

"சரிம்மா," என்றாள். ரொம்ப நல்ல பிள்ளையாகச் சொன்னாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஐ.ஜி. அம்மா காலை ஒன்பது மணிக்கு வந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி, சுருக்கமான பேச்சு. நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தீர்த்தகிரி மடிக்கணினியைக் கையிலேயே ஏந்திக்கொண்டு நின்றான், அதில் இருபது சட்டைக்கும் இருபது கோடு ஓடிக்கொண்டிருந்தது. கொடி ஏறியது. விசில் ஊதியது. இருபது பேர் கவசம் மாட்டி, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி, வரிசையில் நின்றார்கள். வெயிலில் அந்த வரிசையைப் பார்க்கச் சிலை வரிசையாக இருந்தது. இந்தத் தடவை யாரும் தோளைத் தூக்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

"ரெடி," என்றேன். "ஃபயர்."

இருபது துப்பாக்கியும் ஒன்றாக வெடித்தன. இரண்டு. மூன்று.

நின்றது.

எங்கோ ஓரத்தில் மூன்று துப்பாக்கி மட்டும் டப் டப் என்று சுட்டு முடித்தன. அந்தச் சத்தம் தனியாக, அசிங்கமாகக் கேட்டது. மற்ற பதினேழு பேரும் விரலை வெளியே நீட்டி, தலையை நிமிர்த்தி, இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலர் அவர்கள் கழுத்தை முன்னால் இழுத்தது கண்ணுக்குத் தெரிந்தது, ஹெல்மெட்கள் நடுங்கின. கொடித்துணி படபடப்பதைக் கேட்டேன். ஒன்றேகால் விநாடி என்பது அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது, பெருமையாகப் பார்த்த ஐந்து மாசத்திலும் அது உறைக்கவில்லை. பிறகு பதினேழு தலையும் ஒன்றாகத் திரும்பின. நாலு, ஐந்து.

கமாண்டன்ட் ஐயாவின் முகம் வெளுத்துவிட்டது. நான் தீர்த்தகிரியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ அதை வெட்டலையா?"

"வெட்டியாச்சுங்கம்மா. வேணும்னா பாருங்க." அவன் திரையில் ஒரு கோட்டின்மேல் விரலை வைத்தான். "இந்த எடத்துல சட்டை சுடச் சொல்லுதுங்க. மறுபடி சொல்லுது. மூணாந்தரமும் சொல்லுது. பதினேழு பேரும் கேக்கலைங்க. ஒன்னேகால் செகண்டு முழுசும் சட்டையோட மல்லுக்கட்டி நிறுத்தியிருக்காங்க."

ஐ.ஜி. அம்மா வரிசைக்குப் போனார். முதல் ஆளாக நின்றவள் முப்பிடாதி. ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னார். காலர் இழுத்த இடத்தில் அவள் கழுத்து சிவந்து தடித்திருந்தது.

"யார் நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா."

"அந்தப் பக்கம் என்ன இருக்கு? யாரைப் பாத்தீங்க?"

"யாரும் இல்லம்மா."

"யாரும் இல்லாததுக்கா நிறுத்தினீங்க?"

"யாரும் இல்லன்னு பாத்தோம்மா," என்றாள் முப்பிடாதி.

ஐ.ஜி. அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. முன்னால் போய் சல்யூட் அடித்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பலவேசத்தை, கறுப்பு ஆட்டை, ஒரு சாணை, என் கையே என்னைக் கேட்காமல் சுட்டதை. "இதை வெட்டலாம்னு கையெழுத்துப் போட்டது நான்தாம்மா. பிள்ளைய மேல தப்பில்ல. தண்டனை எதுவானாலும் எனக்குக் குடுங்க."

"இருங்க," என்று கையைக் காட்டி நிறுத்தினார். முப்பிடாதியிடம் திரும்பினார். "உங்க எஸ்.எஸ்.ஐ.யாலேயே அந்தச் சட்டையை மீற முடியலைங்கறாங்க. அவங்க பழக்கம் அது. உன்னால எப்படி முடிஞ்சது?"

முப்பிடாதி யோசித்தாள். "அம்மாவுக்கு அது அவங்க கைம்மா. தன் கை தன்னைத் தள்ளுனா எப்படித் தெரியும்? எங்களுக்கு அது அடுத்தவங்க கைதானே. தள்ளுனா உடனே தெரிஞ்சிரும். அஞ்சு மாசமா அது மூணுக்கு அப்புறம் நிறுத்தி, பாருட்டி பாருட்டின்னு காட்டுச்சு. இப்பம் திடீர்னு பாக்காதங்குது. பாக்காம எனக்கு விரல் வளைய மாட்டேங்கும்மா."

தீர்த்தகிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஐ.ஜி. அம்மா அவன் பக்கம் திரும்பினார்.

"பழைய சட்டை ஒண்ணு இருக்கா? வெட்டாதது?" என்று கேட்டார்.

என்னைப் பதிவு செய்த முதல் சட்டை அலமாரியில் இருந்தது. அந்த ஒன்பது கிலோவை அந்த அம்மா அறுபதை நெருங்கும் வயசில் மாட்டிக்கொண்டார். நான்தான் பக்கவாட்டுப் பட்டைகளை இறுக்கிவிட்டேன். ரைஃபிளை வாங்கிக் கோட்டில் நின்றார். இடது தோள் ஒருதரம் வெட்டித் தூக்கியது. வரிசையில் யாரோ இருமினார்கள். மூன்று குண்டு சுட்டார். தலை மெல்ல இடதுபக்கம் திரும்பியது. அந்த ஒற்றையடிப் பாதை, வேலி, வேலிக்கு மேல் தெரிந்த பாறை, எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு இரண்டு.

ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகம் முழுக்க வியர்வை. "யாரோ கன்னத்தைப் பிடிச்சுத் திருப்பின மாதிரி இருந்தது," என்றார்.

"நான்தாம்மா," என்றேன். அந்த நேரத்தில் எனக்கு அவ்வளவு திமிர் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

அவர் சிரித்தார். பிறகு கமாண்டன்ட் ஐயாவைப் பார்த்தார். "இந்தச் சட்டை ரேஞ்சில மட்டுமா நிக்கப் போகுது? நாளைக்குச் சந்தையில நிக்கும், பஸ் ஸ்டாண்டில நிக்கும். அங்கே எந்தப் பக்கமும் ஆள்தான். வெட்டாததையே எல்லா மாவட்டத்துக்கும் அனுப்பச் சொல்லுங்க. அஞ்சு விநாடின்னு கேட்டது யாருன்னு எனக்குத் தெரியும், நான் பேசிக்கிறேன்." போகும்போது தீர்த்தகிரியின் தோளைத் தட்டினார். "அந்தத் தோள் தூக்கலை மட்டும் எடுத்துடுங்க. எனக்கே கூச்சமாப் போச்சு."

அவர் கார் போனதும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் குன்றிலிருந்த மயில் எல்லாம் அகவின. முப்பிடாதியை இழுத்து நாலு அடி அடித்தேன். "கிறுக்குத்தனம் பண்ணாதன்னு சொன்னேன்லாட்டி? தேர்வுல தோத்திருந்தா?" அவள் சிரித்துக்கொண்டே அடி வாங்கினாள். எனக்கு அழுகை வந்தது. பதினோரு வருஷமாக என் ஒருத்தியின் கிறுக்கு என்று நினைத்துக் கூச்சத்தோடு சுமந்ததை, நானே விற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்ததை, இந்தப் பிள்ளைகள் கழுத்துத் தடிக்கக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதற்குமேல் ஒரு மனுஷிக்கு என்ன பெருமை வேண்டும்?

சுட்டு முடித்தால் எங்கள் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெடித்த குண்டின் காலிக் கூடு அத்தனையும் பொறுக்கி எண்ணவேண்டும். ஒவ்வொருத்தரும் என் முன்னால் வந்து கையை விரித்து, "என்னிடம் குண்டும் இல்லை, காலிக் கூடும் இல்லை" என்று சொல்லவேண்டும். அதன்பிறகுதான் கொடி இறங்கும், லாரி கிளம்பும். இருபது பேருக்கு நூறு, ஐ.ஜி. அம்மாவுக்கு ஐந்து. நூற்றைந்தும் சரியாக இருந்தது. எல்லோரும் கையை விரித்துவிட்டு லாரிக்குப் போனார்கள். கொடியை இறக்கியாயிற்று. ஏறியவர்களை எண்ணினால் ஆள்தான் ஒன்று குறைந்தது.

இசக்கி இல்லை.

மறுபடி தளத்துக்கு நடந்தேன். இடது ஓரத்துக் கோட்டில், சட்டையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, நனைந்த பனியனோடு நின்றுகொண்டிருந்தான். கையில் காலி ரைஃபிள். விசையை அழுத்தினான், டிக் என்றது. போல்ட்டை இழுத்து மறுபடி டிக். இன்னொரு டிக். விரலை வெளியே நீட்டி, தலையைத் திருப்பினான். அப்புறம் மீதி இரண்டு.

சுடாமல் நின்ற பதினேழில் இவன் இல்லை. மூன்று பேரில் ஒருவன்.

"ஏல இசக்கி," என்றேன். "கும்பிடு கும்பிடுன்னு சொன்ன வாய் எங்கல?"

அவன் திரும்பவில்லை. "வாயை விடு கனி. பதினேழு பேரும் பாக்காவ, நான் சுட்டுக்கிட்டு இருக்கேன். என் துப்பாக்கி சத்தம் மட்டும் தனியாக் கேக்கு. ஏன்னு தெரியல, அவமானமாப் போச்சு."

கிண்டல் செய்ய என்னிடம் பதினோரு வருஷத்துக்கு உண்டான பாக்கி இருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீ பாக்கது கொடிக்கம்பம்," என்றேன். "பாதை இன்னும் இடதுல."

"இதுக்கு மேல திரும்பலயே. கழுத்து பிடிச்சிருக்கு."

"திருப்புல. நான் பதினோரு வருசமாத் திருப்புதேன்."

மறுபடி ஆரம்பித்தான். டிக், டிக், டிக். விரலை நீட்டினான். இந்தத் தடவை கழுத்தை முழுசாகத் திருப்பிப் பார்த்தான். ஒன்றேகால் விநாடி போயிற்று. இரண்டு, மூன்று விநாடி போயிற்று. தலை திரும்பி வரவில்லை.

"போதும்ல, மீதியைச் சுடு."

"இரு கனி," என்றான் மெதுவாக. "பலவேசம் வாரான்."

கொடி இறங்கியதைப் பார்த்துவிட்டு, வேலியில் அவனே போட்டு வைத்திருக்கும் சந்து வழியாக, பலவேசம் ஆடுகளோடு பாதையில் இறங்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் வழக்கம்போலக் கம்பைத் தூக்கிக் காட்டினான். நானும் கையைத் தூக்கினேன். நாற்பது ஆடாவது இருக்கும், ஒவ்வொன்றாகத்தான் வந்தது, பின்னால் ஒரு நொண்டிக் குட்டி வேறு. கடைசிக் குட்டி மேட்டைக் கடந்து போகிறவரைக்கும் இசக்கி அசையவில்லை. துப்பாக்கி வாயைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டே நின்றான், உள்ளே ஒரு குண்டுகூட இல்லாத துப்பாக்கியை.